தணல் ஒரு பக்கம், கோழி மறுபக்கம்: வீட்டில் செய்த சாஸுடன் பார்பிக்யூ கோழி

வெளியே கரிக்கட்டை, உள்ளே எலும்போரம் பச்சை இறைச்சி. முதன்முதலாகக் கோழி சுடுகிறவர்கள் பெரும்பாலும் தட்டில் வைப்பது இதைத்தான். உடனே பழி சாஸின் மீது விழும்: இனிப்பு கூடிவிட்டது. இல்லாவிட்டால் கோழியின் மீது: பெரிய கோழி, அதனால்தான் வேகவில்லை. அடுப்பைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். ஆனால் தணல் எங்கே கிடந்தது, கோழி எங்கே கிடந்தது என்று கேட்டால், பாதிப் பிரச்சினை அங்கேயே வெளிப்பட்டுவிடும்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் நெருப்பும் இறைச்சியும் புதிய உறவு அல்ல. பால்மரக் (ரப்பர் மரக்) கட்டை எரித்து, பெரிய குண்டான் ஏற்றி, கோயில் பூசைக்கு ஊரே சாப்பிடும் அளவுக்குக் கோழிக்கறி சமைக்கத் தெரிந்தவர்கள் இங்கே ஒவ்வொரு லயத்திலும், அதாவது தொழிலாளர் வரிசைவீடுகளிலும், இருந்தார்கள். ஆனால் குண்டானில் வேகும் கறிக்கும் கம்பியின் மேல் வேகும் கோழிக்கும் அடிப்படையிலேயே வேறுபாடு உண்டு. குண்டானில் குழம்பு கொதிக்கும்வரை சூடு ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. தண்ணீரே காவல் நிற்கிறது. கம்பியின் மேல் அந்தக் காவல் இல்லை. நன்கு கனிந்த தணலின் மேற்பரப்பு 600 டிகிரியைத் தாண்டும். அதற்கு நேர் மேலே ஒரு சாண் உயரத்தில் தொடைக்கறியை வைத்துவிட்டு, உள்ளே வேகும்வரை வெளியே கருகாமல் இருக்கட்டும் என்று எதிர்பார்ப்பது நடக்கிற காரியம் அல்ல.

நேர்ச்சூடும் பக்கச்சூடும்

கோழி சுடுவதில் கற்றுக்கொள்ள வேண்டிய கருத்து ஒன்றே ஒன்றுதான். மற்றவை எல்லாம் அதன் கிளைகள். அடுப்பு முழுவதும் கரியைப் பரப்பக் கூடாது. ஒரு பாதியில் மட்டும் குவிக்க வேண்டும்; மறுபாதி வெறுமையாக இருக்க வேண்டும். கரிக்கு நேர் மேலே இருப்பது நேர்ச்சூடு. வெறும் பாதியின் மேல் இருப்பது பக்கச்சூடு.

தணல் தன் சூட்டை இரண்டு வழிகளில் அனுப்புகிறது. கண்ணுக்குத் தெரியாத கதிர்களாகத் தாக்குவது ஒன்று; சூடேறிய காற்றாகச் சுற்றி வருவது இன்னொன்று. மதிய வெயிலில் நிற்பதற்கும் அதே நேரத்தில் மரநிழலில் நிற்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. நிழலிலும் வெக்கை இருக்கிறது, வியர்க்கிறது, ஆனால் தோல் எரிவதில்லை. பக்கச்சூட்டில் வைத்த கோழிக்கு நேர்க்கதிர் அதிகம் படுவதில்லை. மேலே மூடி போட்டுவிட்டால், உள்ளே சுற்றும் 160 முதல் 180 டிகிரிக் காற்று நான்கு பக்கமும் மெதுவாக வேகவைக்கிறது. மூடி போட்ட அந்தக் கணத்தில் உங்கள் அடுப்பு ஓர் ஓவன் ஆகிவிடுகிறது, கரிமணம் உள்ள ஓவன்.

நேர்ச்சூடு எதற்கு? தோலுக்கு நிறமும் முறுகலும் கொடுக்க மட்டும். இறைச்சியின் புரதமும் அதில் இருக்கும் சிறிதளவு சர்க்கரையும் ஏறத்தாழ 140 டிகிரிக்கு மேல் வினைபுரிந்து பழுப்பு நிறத்தையும் அந்த மணத்தையும் தருகின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மெயார் 1912-இல் விளக்கியதால் அதற்கு மெயார் வினை என்று பெயர். இந்த வினை நடக்கத் தோல் உலர்ந்திருக்க வேண்டும். ஈரம் இருக்கும்வரை மேற்பரப்பு 100 டிகிரியிலேயே நின்றுவிடும். கோழி சுடப்படாது, அவியும்.

கோழிக்கு இந்த இரண்டு சூடும் ஏன் கட்டாயம்? குச்சியில் கோத்துச் சுடும் சாத்தேக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் இல்லையே என்று கேட்கலாம். காஜாங்கில் சாத்தே சுடுகிறவர் நேர்ச்சூட்டில்தான் விசிறியபடி சுடுகிறார். அது விரல் நுனி அளவுத் துண்டு, எலும்பு கிடையாது. சில நிமிடங்களில் உள்ளும் புறமும் ஒன்றாக வெந்துவிடும். முழுத் தொடையும் காலும் சேர்ந்த துண்டில் கனம் இடத்துக்கு இடம் மாறுகிறது, நடுவே எலும்பு, மேலே கொழுப்பு நிறைந்த தோல். அந்தக் கொழுப்பு உருகித் தணலில் சொட்டும்போது சீறல் கேட்கும், அடுத்த நொடி மஞ்சள் சுவாலை எழும்பித் தோலை நக்கும். அப்போது தோலில் படிவது முறுகல் அல்ல, புகைக்கரி. கட்டைவிரலால் தேய்த்துப் பாருங்கள், மை போல விரலில் ஒட்டிக்கொண்டு வரும், நாக்கில் கசக்கும். கொழுப்பு தணலில் எரிந்து எழும் புகையில் உடலுக்கு ஆகாத சேர்மங்களும் இருக்கின்றன. கோழி பக்கத்தில் இருந்தால் கொழுப்பு தணலில் சொட்டாது. வெறும் பாதியின் அடியில் ஒரு பழைய தகரத் தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வைத்தால் சொட்டுவது முழுவதும் அதில் சேரும்.

ரமலான் மாதச் சந்தையில் கம்பியில் கோத்துச் சுழலவிடும் முழுக்கோழியைக் கவனித்திருப்பீர்கள். பெரும்பாலும் நெருப்பு அதன் பக்கவாட்டில் இருக்கும், அல்லது எட்டி இருக்கும். அவர்கள் யாரும் இதற்குப் பெயர் வைத்துப் பேசுவதில்லை. ஆனால் செய்வது இதையேதான்.

அடுப்பு, கரி, மூடி

விலையுயர்ந்த பார்பிக்யூ அடுப்பு தேவையில்லை. நெடுக்காகப் பாதியாக அறுத்த எண்ணெய் டிரம்மும் மேலே கம்பித்தட்டும் போதும். அடியிலும் பக்கத்திலும் காற்றுப் போக நான்கைந்து துளை. ஒரே ஓர் எச்சரிக்கை: தோட்டத்தில் களைக்கொல்லி, பூச்சிமருந்து வந்த டிரம்மைத் தொடவே கூடாது. எத்தனை முறை கழுவினாலும், உள்ளே கட்டை போட்டு எரித்தாலும், அதை நம்பிச் சமைக்க முடியாது. சமையல் எண்ணெய் வந்த டிரம்தான் நல்லது. கம்பித்தட்டும் அப்படியே, வேலிக்கு வாங்கிய துத்தநாகம் பூசிய வலையை வெட்டிப் போடாதீர்கள். துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, அல்லது மீன் சுட விற்கும் மடிப்புக்கம்பி இருந்தால் போதும். மூடிக்குப் பெரிய அலுமினியக் குண்டானைக் கவிழ்த்துக்கொள்ளலாம். விளிம்பில் ஒரு சிறு கல்லை வைத்து விரலளவு இடைவெளி விட்டால் புகை வெளியேறும், தணலும் அணையாது.

கரி விஷயத்தில் பேராக்காரர்களுக்குக் கொடுப்பினை உண்டு. தைப்பிங்கைத் தாண்டிப் பழைய போர்ட் வெல்ட், அதாவது இன்றைய கோலா செபெத்தாங், மாத்தாங் அலையாத்திக் காட்டின் ஓரத்தில் இருக்கிறது. அங்கே செங்கல்லால் கட்டிய குவிமாடச் சூளைகளில் பாக்காவ் மரத்தைச் சுட்டுக் கரியாக்குகிறார்கள். வாரக்கணக்கில் மெதுவாக வேகவைத்து எடுக்கும் கரி அது. அடர்த்தி அதிகம், நீண்ட நேரம் எரியும், புகை குறைவு, ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்கும். சிரட்டைக்கரியும் நல்லதுதான், சூடு கூடுதல். ஆனால் சீக்கிரம் தீர்ந்துவிடும். பால்மரக் கட்டை எரிப்பதாக இருந்தால் நன்றாகக் காய்ந்த, எந்த மருந்தும் போடாத கட்டையாக இருக்க வேண்டும். தளவாடத் தொழிற்சாலையிலிருந்து வரும் பால்மரத் துண்டுகள் வண்டு அரிக்காமல் இருக்கப் போரான் உப்பில் ஊறியவை. அவை சோற்றடுப்புக்கே ஆகாது; இறைச்சிக்கு நேர் அடியில் எரிக்கக் கேட்கவே வேண்டாம்.

பற்றவைக்க மண்ணெண்ணெய் வேண்டாம். அந்த வாடை தணலை விட்டுப் போனாலும் கோழித் தோலை விட்டுப் போகாது. மேலும் கீழும் வெட்டிய ஒரு பெரிய தகர டின் இருந்தால் போதும். முதல் தடவை வெறுமனே எரித்து அதன் பெயின்டைப் போக்கிவிடுங்கள். அடியில் எண்ணெய் தொட்ட காகிதம், மேலே கரி, டின்னை இரண்டு கல்லின் மேல் நிறுத்தினால் காற்று கீழிருந்து மேலே இழுக்கும். இருபது, முப்பது நிமிடத்தில் கரியின் மேல் வெண்சாம்பல் படரும். அதற்கு முன்னால் கோழியைக் கம்பியில் வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வைக்காதீர்கள். சுவாலை ஆடும்வரை அது நெருப்பு, சமையலுக்கு வேண்டியது தணல்.

வெப்பமானி இல்லாவிட்டால் கையே போதும். கம்பிக்கு மேல் ஒரு கையகல உயரத்தில் உள்ளங்கையை நீட்டி எண்ணுங்கள். இரண்டு மூன்று விநாடியில் கையை இழுத்துக்கொண்டால் நேர்ச்சூடு சரியாக இருக்கிறது. வெறும் பாதியில் ஏழெட்டு விநாடி தாங்க வேண்டும்.

கரி அடுப்பை எந்த மழைக்கும் வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். நம் ஊரில் மாலை நான்கு மணி மழை சொல்லிவைத்தாற்போல வரும். ஐந்தடியில் கூரை இருக்கிறது என்று சமையலறைக்குள் இழுத்துவிடத் தோன்றும். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தணல் சிவப்பாக இருக்கும்வரை அது வந்துகொண்டே இருக்கும். நான்கு பக்கமும் திறந்த கொட்டகை என்றால் சரி.

கோழியைத் தயார் செய்வது

தொடக்கத்தில் தொடையும் காலும் சேர்ந்த துண்டுகளையே வாங்குங்கள். நெஞ்சுக்கறி 70 டிகிரியைத் தாண்டினாலே சாறு இழந்து வறண்டுபோகிறது. கற்றுக்கொள்கிறவருக்கு அது இடம் கொடுக்காது. தொடையில் கொழுப்பும் இணைப்புத் திசுவும் அதிகம். பத்து டிகிரி கூடிப்போனாலும் அந்தத் திசு கரைந்து இன்னும் மென்மையாகுமே தவிர, பாழாகாது.

கம்பத்துக் கோழியைப் பற்றி ஒரு வார்த்தை. குழம்புக்கு அதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் ஓடித் திரிந்து வளர்ந்த கோழியின் தசை கெட்டி. நாற்பது நிமிடத் தணலில் அது இளகாது. சுடுவதற்குப் பண்ணைக் கோழியே ஏற்றது. இதைச் சொன்னால் பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள், இருந்தாலும் உண்மை அதுதான்.

பச்சைக் கோழியைக் குழாயடியில் கழுவ வேண்டாம் என்று உணவுப் பாதுகாப்பு அமைப்புகள் பல நாடுகளிலும் சொல்லிவருகின்றன. தெறிக்கும் நீரோடு சால்மோனெல்லா, கேம்பைலோபேக்டர் போன்ற கிருமிகள் தொட்டி, பாத்திரம், பக்கத்தில் இருக்கும் கீரைக்கட்டு வரை போகும். மஞ்சளும் உப்பும் போட்டு அலசாமல் கோழியை அடுப்பில் ஏற்றுவது நம் வீடுகளில் நினைத்தும் பார்க்க முடியாத காரியம் என்பது எனக்கும் தெரியும். அப்படியானால் குழாயைத் திறந்துவிடாமல் ஒரு சட்டியில் தண்ணீர் பிடித்து, உள்ளேயே மெதுவாக அலசி, தண்ணீரைத் தெறிக்காமல் ஊற்றிவிட்டு, தொட்டியைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துவிடுங்கள்.

பிறகு துடைத்து உலர்த்துங்கள். ஒரு கிலோ கோழிக்கு 12 முதல் 15 கிராம் உப்பு, அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள், ஒரு தேக்கரண்டி மிளகுத்தூள். தோலுக்கு அடியிலும் விரலை விட்டுத் தடவி, மூடாமல் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் நான்கு மணி நேரமாவது வையுங்கள். இரவு முழுவதும் இருந்தால் இன்னும் நல்லது. உப்பு முதலில் நீரை வெளியே இழுக்கும். அந்த உப்புநீர் மறுபடியும் உள்ளே போகும்போது தசை இளகி, சூட்டில் சாற்றைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தோலோ உலர்ந்துவிடும். எலுமிச்சை, தயிர் போன்ற புளிப்பைக் கூடவே சேர்த்து இரவெல்லாம் ஊறவிட்டால் மேற்பரப்பு குழைந்துபோகும்; புளிப்பு சாஸிலேயே இருக்கட்டும்.

முதலில் வேகவைத்துவிட்டு அப்புறம் சுடலாம் என்று ஒரு குறுக்குவழி ஊரெங்கும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சுவை தண்ணீரோடு போய்விடுகிறது, தணலுக்கு மிஞ்சுவது நிறம் மட்டுமே. அதிலும் காலையில் அரைவேக்காடாக எடுத்து வைத்து, விருந்தினர் வந்தபின் மாலையில் சுடுவது சுவைக்கேடு மட்டுமல்ல, ஆபத்தும்கூட. அரைவெந்த இறைச்சியின் வெதுவெதுப்பில் கிருமிகள் வளர்வதுபோல வேறெங்கும் வளராது. அவசரத்துக்கு வேகவைத்தே ஆக வேண்டும் என்றால், பானையிலிருந்து நேராகத் தணலுக்குப் போக வேண்டும்.

சாஸ்

கடையில் விற்கும் பார்பிக்யூ சாஸ் புட்டியின் பின்பக்கத்தைப் படித்தால் தக்காளி, வினிகர், சர்க்கரை, வெல்லப்பாகு, உப்பு, மசாலா என்றுதான் இருக்கும். இனிப்பு, புளிப்பு, உப்பு, காரம், கொஞ்சம் புகைமணம்: இந்த ஐந்தும் ஒன்றையொன்று சமன்செய்ய வேண்டும். இவை எல்லாம் நம் மளிகைக் கடையிலேயே வேறு பெயர்களில் இருக்கின்றன. வெல்லப்பாகுக்குப் பதில் குலா மெலாக்கா என்னும் தென்னை வெல்லம், வினிகருக்குப் பதில் புளி. எனக்கு இந்தச் சாஸ்தான் அமெரிக்கப் புட்டியைவிடப் பிடிக்கிறது, குலா மெலாக்காவிலேயே ஒரு புகைமணம் ஒளிந்திருப்பதால்.

நான்கு பெரிய துண்டுகளுக்குப் போதுமான அளவு இது. சின்ன வெங்காயம் பத்து, பூண்டு நான்கு பல், இஞ்சி ஒரு விரற்கடை, மூன்றையும் மைய அரைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் பச்சை வாசனை போகும்வரை வதக்கி, இரண்டு மேசைக்கரண்டி காய்ந்த மிளகாய் விழுதைச் சேர்த்து எண்ணெய் பிரியும்வரை கிளறுங்கள். இங்கே அவசரப்பட்டால் சாஸ் முழுவதும் வதங்காத மிளகாய் நெடி அடிக்கும். பிறகு ஒரு கப் தக்காளி சாஸ், சீவிய குலா மெலாக்கா 80 கிராம், கெட்டியாகக் கரைத்த புளி கால் கப், கெட்டிக் கிச்சாப்பு (சோயா சாஸ்) இரண்டு மேசைக்கரண்டி, மிளகுத்தூள் ஒரு தேக்கரண்டி, வறுத்துப் பொடித்த சீரகம் அரைத் தேக்கரண்டி, அரைக் கப் தண்ணீர். உப்பு இப்போது வேண்டாம். தக்காளி சாஸிலும் கிச்சாப்பிலும் ஏற்கெனவே இருக்கிறது, இறுதியில் நாக்கு சொல்லட்டும்.

சிறு தீயில் பதினைந்து, இருபது நிமிடம். முதலில் குமிழிகள் சின்னதாக, நீர்த்தன்மையோடு, விளிம்பெல்லாம் ஓடும். நேரம் போகப் போக அவை பெரிதாகி, சோம்பலாக எழும்பி, உடையும்போது தெறிக்கும். கையில் பட்டால் சுடுநீரைவிட மோசமாகச் சுடும், ஏனென்றால் ஒட்டிக்கொள்கிறது. இந்தக் கட்டத்தில் அடிபிடிக்கத் தொடங்கும், கரண்டியை விடாதீர்கள். கரண்டியின் பின்புறத்தில் விரலால் ஒரு கோடு இழுங்கள். கோட்டின் இரு கரையும் சரிந்து மூடாமல் நின்றால் இறக்கிவிடலாம். ஆறும்போது இன்னும் இறுகும்.

ஆறியதும் இரண்டு கிண்ணங்களில் பிரித்துவிடுங்கள். ஒன்று பூசுவதற்கு, மற்றொன்று மேசைக்கு. பச்சைக் கோழியைத் தொட்ட பிரஷைத் தோய்த்த கிண்ணத்தை மேசைக்குக் கொண்டுபோகக் கூடாது.

எப்போது பூசுவது?

கோழி கருகுவதற்கு இரண்டாவது காரணம் இங்கே இருக்கிறது. சாஸைப் பூசியதும் முதல் சில நிமிடங்களுக்கு ஒன்றும் ஆகாது. அதில் உள்ள நீர் ஆவியாகும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. அதைப் பார்த்து மனம் நிம்மதியாகிவிடும். நீர் வற்றிய மறுகணம் சூடு விர்ரென்று ஏறுகிறது. சர்க்கரை 160 டிகிரி அருகே நிறம் மாறத் தொடங்கும். தேனில் இருக்கும் பிரக்டோஸ் அதற்கு வெகு முன்பே, 110 டிகிரியை ஒட்டியே மாறத் தொடங்கிவிடும். தேன் பூசிய கோழி இறக்கை சீக்கிரம் கறுப்பதும் அதனால்தான். பொன்னிறத்துக்கும் கரிக்கும் இடையே நேர்ச்சூட்டில் ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. தொடைத்துண்டு வேக நாற்பது நிமிடம் வேண்டும். முதல் நிமிடத்திலேயே இனிப்புச் சாஸைப் பூசினால் மீதி முப்பத்தொன்பது நிமிடமும் கரியைத்தான் சமைக்கிறோம்.

ஆகவே இனிப்புச் சாஸ் கடைசிப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில்தான். கோழி ஏறக்குறைய வெந்த பிறகு, மெல்லிய பூச்சாக, ஒன்று காய்ந்த பின் அடுத்தது.

எல்லாச் சாஸுக்கும் இந்த விதி பொருந்துமா? பொருந்தாது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ராபர்ட் பேக்கர் 1950-இல் வெளியிட்ட கோழிச் செய்முறை ஒன்று நியூயார்க் மாநிலத்தில் இன்றும் பிரபலம். எண்ணெய், ஆப்பிள் வினிகர், முட்டை, உப்பு, மசாலா, அவ்வளவுதான். சர்க்கரை துளியும் கிடையாது. முட்டை எண்ணெயையும் வினிகரையும் பிரியாமல் பிடித்துவைக்கிறது, கலவை தோலில் ஒட்டுகிறது. கருகச் சர்க்கரை இல்லாததால் தொடக்கம் முதலே திரும்பத் திரும்பப் பூசுகிறார்கள். கிளந்தான் ஆயாம் பெர்ச்சிக்கில் தேங்காய்ப்பால் சாஸைச் சுடச்சுட அள்ளி ஊற்றிக்கொண்டே இருப்பதும் ஏறத்தாழ அதே கணக்கில்தான். அதில் கொழுப்பும் நீரும் அதிகம், இனிப்பு சொற்பம். உங்கள் கையில் இருக்கும் சாஸில் சர்க்கரை எவ்வளவு என்று பாருங்கள். எப்போது பூசலாம் என்பதை அதுவே சொல்லிவிடும்.

சுடும் வேளை

தணல் ஒரு பாதியில் தயார். கோழித்துண்டுகளை வெறும் பாதியில், தோல் மேலே இருக்கும்படி வையுங்கள். தொடையின் கனமான பக்கம் தணலை நோக்கியும் காலின் மெலிந்த நுனி எதிர்ப்பக்கத்திலும் இருக்கட்டும். மூடுங்கள்.

இனிமேல்தான் கஷ்டமான வேலை: ஒன்றும் செய்யாமல் இருப்பது. சுற்றி நிற்கும் உறவுகள் விடமாட்டார்கள். "மாமா, கொஞ்சம் திறந்து பாருங்கள்", "அண்ணே, கருகும்போல இருக்கிறதே, திருப்பிப் போடுங்கள்." ஒவ்வொரு முறை மூடியைத் தூக்கும்போதும் உள்ளே சேர்ந்த சூடு வெளியே ஓடிவிடும், வேகும் நேரம் நீளும். இருபது நிமிடம் கழித்து ஒருமுறை திறந்து, தணலுக்கு அருகே இருந்த துண்டுகளைத் தூரத்துக்கும் தூரத்தில் இருந்தவற்றை அருகேயும் மாற்றுங்கள். தணல் சோர்ந்திருந்தால் டின்னில் தனியாகக் கனியவைத்த நான்கைந்து கரித்துண்டுகளைச் சேர்த்துக்கொள்ளலாம்.

முப்பது நிமிடம் தாண்டித் தோல் இறுகி, கொழுப்பு உருகி, வெளிர்ப் பொன்னிறம் வந்த பிறகு சாஸ். பிரஷ் இல்லாவிட்டால் செராய் (எலுமிச்சைப்புல்) தண்டின் அடிப்பக்கத்தை அம்மிக்கல்லில் நசுக்கி நாராக்கிக்கொள்ளுங்கள். சாத்தே கடைகளில் எண்ணெய் தடவுவது அதால்தான், வாசனையும் இலவசம். மெல்லியதாக ஒரு பூச்சு, மூடி, நான்கு நிமிடம். இன்னொரு பூச்சு, நான்கு நிமிடம். மூன்றாவதுக்குள் சாஸ் ஈரப் பளபளப்பு போய், விரலில் ஒட்டும் பிசுபிசுப்புக்கு வந்திருக்கும்.

கடைசியாக நேர்ச்சூடு. ஒவ்வொரு துண்டாகத் தணலின் மேல் கொண்டுபோங்கள், தோல் பக்கம் கீழே. முப்பது, நாற்பது விநாடி. இப்போது கைபேசியை எடுக்காதீர்கள், யாருக்கும் பதில் சொல்லாதீர்கள். சாஸ் கொப்புளித்து, ஓரங்கள் மட்டும் கறுத்து, வெல்லம் முறுகும் மணம் வரும். அந்த மணத்தில் கசப்பு கலக்கும் முன் எடுத்துவிட வேண்டும். மூக்குதான் இங்கே கடிகாரம்.

வெந்துவிட்டதா?

நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. சாறு தெளிவாக வருகிறதா என்று குத்திப் பார்ப்பதும் உறுதியான வழி அல்ல. பண்ணைக் கோழி ஆறேழு வாரத்திலேயே அறுபடுகிறது. எலும்பு முற்றாததால் மஜ்ஜையின் நிறம் கசிந்து, நன்றாக வெந்த கறியிலும் எலும்போரம் சிவந்து தெரியலாம். உறைந்த கோழியில் இது இன்னும் அதிகம். மறுபக்கம், வெளுத்துத் தெரியும் கறி வேகாமலும் இருக்கலாம்.

ஊசி வெப்பமானி ஒன்று வாங்கிவிடுங்கள். இந்தச் சமையலுக்குச் செலவு செய்யத் தகுந்த கருவி அது ஒன்றுதான். தொடையின் தடித்த இடத்தில், எலும்பைத் தொடாமல் செருகுங்கள். 74 டிகிரி காட்டினால் உண்பதற்குப் பாதுகாப்பு. ஆனால் தொடைக்கறியை அங்கேயே நிறுத்தினால் பல்லில் இழுக்கும். 80 தாண்டியபின் எடுத்தால் எலும்பை விட்டுச் சுலபமாகக் கழன்று வரும். சாஸ் பூசத் தொடங்குவதற்கு 70 நல்ல அடையாளம். கருவி இல்லாத நாளில், காலை மெதுவாகத் திருகிப் பாருங்கள். மூட்டு எதிர்ப்பின்றித் திரும்ப வேண்டும். சந்தேகம் இருந்தால் தடித்த இடத்தில் எலும்புவரை கீறிப் பாருங்கள். கறி கண்ணாடிபோல மினுமினுப்பாக, வழவழப்பாக இருந்தால் பக்கச்சூட்டுக்குத் திருப்பி அனுப்புங்கள். பக்கச்சூடு இருப்பதன் பெரிய வசதியே அது: வேகாததைக் கருக்காமல் தொடர்ந்து வேகவைக்கலாம்.

வெந்த கோழியைச் சுத்தமான புதிய தட்டில் எடுங்கள். பச்சையாகக் கொண்டுவந்த தட்டு நேராகக் கழுவப் போகட்டும், இடுக்கியும் அப்படியே. ஐந்து முதல் பத்து நிமிடம் ஆறவிட்டால் சாறு தட்டில் ஓடாமல் கறியிலேயே தங்கும்.

கூடவே என்ன வைப்பது என்பது அவரவர் வீட்டு விஷயம். வெள்ளரிக்காயும் பச்சை வெங்காயமும் நறுக்கி, கொஞ்சம் எலுமிச்சை பிழிந்து வைத்தால் இனிப்புச் சாஸின் திகட்டலை அடக்கும். நெய்ச்சோறு வேண்டாம், கொழுப்பின் மேல் கொழுப்பு. வெறும் சோறோ ரொட்டியோ போதும்.

மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். 32 டிகிரியைத் தாண்டிய வெக்கையில், அதாவது நம் ஊரின் சாதாரண மதியத்தில், ஒரு மணி நேரமே கணக்கு. மூன்று நான்கு நாள் தாங்கும். மேசைக்கென்று பிரித்துவைத்த சாஸ் மிஞ்சினால் மூடிய கண்ணாடிப் புட்டியில் ஒரு வாரம் தாராளமாக இருக்கும். மறுநாள் மிஞ்சிய கறியைப் பிய்த்துப் போட்டு மீகோரெங் நூடுல்ஸ் பிரட்டும்போது இரண்டு கரண்டி சேர்த்தால், தக்காளி சாஸும் கிச்சாப்பும் தனியாக ஊற்ற வேண்டியதில்லை.